தேய்ப்பு வண்டி அக்கா: எடுத்ததும் வெட்டியதும்

தெருவில் துணி தேய்க்கும் ஓர் அக்காவைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படம் 11 நிமிடம். எடுத்தது 16 நாள். கையில் சேர்ந்த காட்சிகள் 14 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். முதல் வெட்டு முடிந்த இரவு ஒரு நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ ஒண்ணு இடறுதுடா" என்றான். என்னவென்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. நிறம், ஒலி, வெட்டு என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்ததில் மூன்று வாரம் போனது. கண்டுபிடித்துச் சரிசெய்து மூச்சு விடுவதற்குள், படத்தின் உயிர் என்று நான் நம்பிக்கொண்டிருந்த 2 நிமிடம் 40 விநாடியை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அந்த இரண்டு ரிப்பேர் வேலைகளையும் பற்றித்தான் இந்தப் பதிவு. நடுவில் கருவிகளைப் பற்றிய புலம்பலும் வரும்.

இடம் திருச்சி தில்லை நகரில் ஒரு கிராஸ். எத்தனையாவது என்பது வேண்டாம். புங்க மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி, வண்டிமேல் பலகை, பலகைமேல் பழைய கம்பளி, அதன்மேல் ஒரு வேட்டித்துணி, கரிப்பெட்டி, பித்தளைச் சொம்பில் தண்ணீர். அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. காலை ஏழு மணிக்குக் கரி மூட்டினால் பதினொன்றரை வரை, பிறகு நாலு மணியிலிருந்து இருட்டும் வரை நிற்பார். அவர் கணவர், எனக்கு அண்ணன், சைக்கிளில் வீடு வீடாகப் போய் மூட்டை எடுத்து வருவார், தேய்த்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார். சாதாரண மனிதர்களைப் பற்றி 10 நிமிடத்தை ஒட்டிய சின்னச் சின்னப் படங்களாக எடுக்க வேண்டும் என்பது என் திட்டம். இது இரண்டாவது. முதலாவதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

அந்தப் பெட்டியின் எடையைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பித்தளை. கரி போடாமல் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தபோது 6 கிலோ 800 கிராம் காட்டியது. கரியோடு ஏழைத் தாண்டும். ஒரு சட்டைக்கு அதை எத்தனை தடவை தூக்கி வைக்கிறார் என்று ஒருநாள் எண்ணப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். இப்போது பல இடங்களில் சிலிண்டரில் ஓடும் கேஸ் பெட்டி வந்துவிட்டது. "அது சூடு ஒரே மாதிரி நிக்கும் தம்பி, எனக்குத்தான் கை பழகல" என்றார் அக்கா.

முதல் இரண்டு நாள் எடுத்ததில் ஒரு ஷாட்கூடப் படத்தில் இல்லை. காரணம் எளிது. அக்காவுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று தெருவின் எதிர்ப்பக்கம் நின்று ஜூம் லென்ஸ் போட்டு எடுத்தேன். பின்னணி அழகாகக் கலங்கி, முகம் தனித்துத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே மறைந்திருந்து திருடிய மாதிரி இருந்தது. போதாததற்கு அக்காவுக்கு நான் எதிரே நிற்பது தெரியும், அதனால் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் புடவையைச் சரிசெய்துகொண்டே இருக்கிறார். மூன்றாம் நாள் 35 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு வண்டியருகே போனேன். என் கேமராவின் சென்சார் சின்னது. அதில் 35 என்பது முழுச் சென்சாரில் 50 மாதிரி. அக்காவின் முகம் முழுத்திரையில் வர வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருக்க முடியாது. அப்படித்தான் பேச்சு தொடங்கியது.

கேமரா பழையது, இரண்டாம் கையாக வாங்கியது. அக்னி நட்சத்திர வெயில், பக்கத்தில் கரி அனல். 4கே-யில் எடுத்த முதல் நாளே இருபது நிமிடத்தில் சூடு எச்சரிக்கை காட்டி அணைந்துவிட்டது. கேமராவின் திரையை அதன் உடலிலிருந்து விரித்து வைத்தால் கொஞ்சம் சூடு குறையும், வைத்தேன். மேலே குடை கட்டினேன். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் 4கே-யைக் கைவிட்டு முழு ஹெச்.டி.யில் எடுத்தேன், பிறகு ஒருநாளும் அணையவில்லை. இந்தப் படத்தைப் பார்த்த யாரும் இதுவரை பிக்ஸல் எண்ணவில்லை.

மாலையில் வண்டிமேல் ஒரு எல்.இ.டி. பல்பு எரியும். இரண்டாவது கேமராவாக வைத்த போனில் அந்த வெளிச்சத்தில் எடுத்ததிலெல்லாம் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே உருண்டுகொண்டிருந்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான பல்பு அதில் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். போன் தானாக விநாடிக்கு 30 பிரேமும் ஏதோ ஒரு ஷட்டரும் வைத்துக்கொள்ளும். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று கையால் பூட்டியதும் பட்டை போனது. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் இதைப் பூட்டலாம். போனில் எடுக்கும் வீடியோவுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. பிரேம் வேகம் நிலையாக இருக்காது, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். தனியாகப் பதிந்த ஒலியோடு சேர்த்தால் முதல் நிமிடம் வாயும் சொல்லும் பொருந்தும், பத்தாவது நிமிடம் சொல் முந்திக்கொள்ளும். வெட்டுவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும். நான் வெட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு இரவு போச்சு.

பகலில் வேறு தொல்லை. ஷட்டர் 1/50-இலேயே நிற்க வேண்டும், லென்ஸின் துளையையும் திறந்து வைக்க வேண்டும் என்றால் வெயிலில் படம் வெளுத்துவிடும். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி என்.டி. ஃபில்டர் வேண்டும். திருகி அளவு மாற்றுகிற மலிவு ரகம் என்னிடம் இருந்தது. கடைசி வரைக்கும் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு கறை விழுகிறது. ஆகவே முக்கால் திருகோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளிச்சத்தில் எனக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டத்தை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, மூன்றாம் நாள் காட்சிகளைப் பார்க்கும்போது அதுவாகத் தெரிந்தது. மர நிழலில் நிற்கும் அக்காவின் முகம் சில ஷாட்டில் பளிச்சென்றும் சில ஷாட்டில் இருண்டும் இருந்தது. மேகம் என்று நினைத்தேன். மேகமில்லை, துணி. பலகைமேல் வெள்ளை வேட்டியோ டாக்டர் கோட்டோ விரிந்திருந்தால் அது தெர்மாகோல் பிடித்த மாதிரி வெளிச்சத்தை முகத்தில் தூக்கி அடிக்கிறது. ஆட்டோக்காரர் காக்கிச் சட்டை வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாக, இறங்கிவிடுகிறது. தில்லை நகரில் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் குறைவில்லை, ஆகவே வெள்ளைக் கோட்டுக்கும் குறைவில்லை. தெர்மாகோல் பிடிக்க ஆள் வைக்க வசதியில்லாத எனக்கு ஊரே ஆள் கொடுத்தது.

சரி, பேசும்போது வெள்ளையை முதலில் தேய்க்கச் சொல்லலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அக்கா சிரித்துவிட்டார். துணியின் வரிசையைத் தீர்மானிப்பது பெட்டியின் சூடு. புதுக்கரி போட்டுக் கனிந்த நேரத்தில் கஞ்சி போட்ட பருத்தி, கனத்த கோட்டு, வேட்டி. சூடு இறங்க இறங்கக் கலப்புத் துணி. கடைசியில் சிந்தெடிக் புடவை. மாற்றிச் செய்தால் புடவை பெட்டியோடு வந்துவிடும். ஆகவே கரி போட்ட கால் மணி நேரம்தான் எனக்கு முகம். அதன்பிறகு கை, பெட்டி, தெரு. அந்தப் பதினாறு நாளும் என் ஷூட்டிங் அட்டவணை கொட்டாங்கச்சிக் கரியின் கையில் இருந்தது.

அந்தக் கரியின் சாம்பல்தான் லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் போய் உட்கார்ந்தது. அக்கா பெட்டியைக் கையில் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டிக் கரியைக் கனிய வைப்பார், அப்போது சாம்பல் பறக்கும். நான் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று லென்ஸைக் கழற்றியிருக்கிறேன். வானம் தெரியும் ஷாட்டிலெல்லாம் மூன்று புள்ளி. ரப்பர் ஊதியால் இரண்டு போனது, ஒன்று இன்னும் படத்தில் 4-வது நிமிடத்தில் இருக்கிறது. தேடிப் பார்க்க வேண்டாம்.

ஒலிக்கு வருகிறேன். இதில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சட்டைமைக் ஒன்று, கையடக்க ரெக்கார்டர் ஒன்று, இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் கழித்தல் 12 டெசிபெலைத் தொடும்படி அளவு. கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் மைக்கைக் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரவென்று பேப்பர் கசக்கும் சத்தம். புடவைக்குள் ஒளித்தால் இன்னும் மோசம். மருந்துக்கடைப் பேப்பர் பிளாஸ்திரியை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடித்து, மைக்கைத் துணிகளுக்கு நடுவில் நகராமல் ஒட்டி, வயரில் ஒரு சுருக்கு விட்டு, அதை அக்காவே ஊக்கால் குத்திக்கொண்டார். சரசரப்பு போயிற்று. வளையல் சத்தம் போகவில்லை. போக வேண்டாம் என்று நான்தான் விட்டுவிட்டேன். காற்றுச் சத்தத்துக்கு மைக்கோடு வந்த பஞ்சு உறை எதற்கும் உதவாது, ரோமம் வைத்த உறை வேண்டும். தங்கை மகளின் பழைய கரடி பொம்மையின் முதுகை வெட்டித் தைத்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

இன்னொன்று: காலை ஏழு, பதினொன்று, மாலை ஐந்து என்று தினமும் மூன்று வேளை, யாரும் பேசாத வெறும் தெருச் சத்தத்தை இரண்டிரண்டு நிமிடம் பதிந்து வைத்தேன். சினிமாக்காரர்கள் ரூம் டோன் என்பது. தெருவுக்கும் அது உண்டு. ஒரு பேச்சின் நடுவில் நான்கு சொல்லை எடுத்துவிட்டால் அந்த ஓட்டையை மௌனத்தால் அடைக்க முடியாது. மௌனம் அங்கே கிணறு மாதிரி கேட்கும். அதே வேளையின் தெருவால்தான் அடைக்க வேண்டும். காலைப் பேச்சில் குயில் கூவிக்கொண்டே இருக்கும், பதினொரு மணிப் பேச்சில் ஆம்புலன்ஸ். குயில் பாதிக் கூவலில் வெட்டுப்பட்டு ஆம்புலன்ஸாக மாறினால் கண்ணுக்குத் தெரியாத வெட்டும் காதுக்குத் தெரிந்துவிடும்.

இனிக் கேள்விகள். "எத்தனை வருஷமா இந்தத் தொழில் பண்றீங்க?" பதில்: "இருபத்தெட்டு வருஷம்." "ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி?" பதில்: ஒரு எண். எண்ணைக் கேட்டால் எண்தான் வரும். நாலாம் நாள் கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பலகைமேல் கிடந்த பாவாடையைக் காட்டி, "இது யாரோடது?" என்றேன். அவ்வளவுதான், பதினெட்டு நிமிடம் நிற்கவில்லை. அது ஒரு பள்ளிச் சீருடைப் பாவாடை. வாங்கும்போதே நீளமாக எடுத்து உள்ளே மடித்துத் தைத்துவிடுவார்கள். பிள்ளை வளர வளர, ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு நிற்கும். "எத்தனை தண்ணி தெளிச்சு அழுத்துனாலும் இந்தக் கோடு போகாது தம்பி. ரெண்டு கோடு இருக்கு பாருங்க, இந்தப் புள்ள ஒண்ணாப்பு வந்தப்ப இம்புட்டுதான் இருந்துச்சு" என்று கையை முழங்காலுக்குக் கீழே காட்டினார். படம் அந்தக் கையோடுதான் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் துணியைத்தான். ஆனால் துணியைக் கேட்டால் தெருவே வந்துவிடுகிறது. எந்த வீட்டில் யார் இளைத்துவிட்டார், எந்த வீட்டிலிருந்து ஒருவரின் சட்டை மட்டும் வருவது நின்றுபோனது, எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அற்புதமான பேச்சு. அதில் ஒன்றைக்கூட நான் பயன்படுத்தவில்லை. அக்கா சம்மதித்தது தன்னைப் படமெடுக்க. அந்த வீட்டுக்காரர்கள் எதற்கும் சம்மதிக்கவில்லை, அவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்க்கவும் போகிறார்கள்.

சம்மதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் நாள் இணையத்திலிருந்து இறக்கிய ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். அக்கா படிக்காமலே போட்டுவிட்டார், முன்பெல்லாம் ரேஷன் கடையில் போட்டது மாதிரி. அந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அப்போதே தெரிந்தது. மறுநாள் தமிழில், வாயால், கேமரா ஓட ஓட ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம்: வேறு யார் பார்ப்பதற்கும் முன்னால் அக்கா முழுப்படத்தையும் பார்ப்பார், எடுக்கச் சொன்னதை ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுவேன். சொல்லும்போது பெருந்தன்மையாக இருந்தது. அந்த ஒப்பந்தத்தின் முதல் பாதியை, நண்பனுக்குப் போட்டுக் காட்டிய அன்றே நான் மீறிவிட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எடுத்து முடித்தபோது 14 மணி நேரம். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகத்தையே சுற்றிச் சேர்த்தது 50,000 அடி பிலிம் என்பார்கள், படம் 1940-இல் வந்தது. 35 மி.மீ. பிலிம் பேசும்பட வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் ஒன்பதே கால் மணி நேரம். காந்திக்கு ஒன்பதே கால், பக்கத்துத் தெருவில் துணி தேய்க்கும் அக்காவுக்குப் பதினாலு. மெமரி கார்டு மலிவு என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை. பேச்சு இருந்த பகுதிகளை மட்டும் நோட்டில் எழுதி, துண்டுச் சீட்டாக வெட்டி, சுவரில் ஒட்டினேன். சின்ன வயது, கல்யாணம், தொழில், மகள் படிப்பு என்று நான்கு வரிசை. சீட்டு வரிசையைப் பார்த்து வெட்டினேன். நண்பனுக்கு இடறியது அந்த வெட்டுதான்.

கண்டுபிடித்தது அம்மா. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. நான் கூடத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டிருந்தேன், அவர் அடுப்படியில் இருந்தார். "ஏண்டா, இந்தப் பொம்பள உன்ன ஒரு தரம் வாங்கங்குது, மறுதரம் வாடாங்குது. பேட்டி எடுத்தது ரெண்டு பேரா?"

நோட்டை எடுத்து, அக்கா என்னை "நீங்க" என்ற இடத்தையெல்லாம் சிவப்புப் பென்சிலிலும் "நீ" என்ற இடத்தையெல்லாம் நீலத்திலும் வட்டமிட்டேன். முதல் எட்டு நாள் முழுக்கச் சிவப்பு. பதினோராம் நாளிலிருந்து முழுக்க நீலம். இடையில் இரண்டு நாள் இரண்டும் கலந்து கிடந்தது. நான் பொருள்வாரியாக அடுக்கியதில், மூன்றாம் நாள் "நீங்க உக்காருங்க தம்பி"க்குப் பக்கத்தில் பதினாலாம் நாள் "சாப்ட்டியாடா"வைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், பிறகு திரும்பவும் "நீங்க". பழகிய மனுஷி திடீரென்று அந்நியமாகி மறுபடி பழகுகிறார். ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். நம் காதுக்கு மட்டும் கல் தட்டும்.

இதில் இன்னொரு சிக்கல், என் குரல். கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டு அக்கா தானாகப் பேசுவது மாதிரி வைத்திருந்தேன். ஆகவே "நீங்க"வும் "நீ"யும் யாரைப் பார்த்து என்பதே படத்தில் இல்லை. நான்கு வரிசைச் சீட்டையும் சுவரிலிருந்து பிய்த்தேன். நாள் வரிசையில் திரும்ப ஒட்டினேன். என் குரலை ஏழு இடத்தில் உள்ளே விட்டேன். கேட்கச் சகிக்கவில்லை, மூக்கில் பேசுகிறேன். ஆனால் இடறல் போய்விட்டது. சின்ன வயதுக் கதை கடைசியில் வந்தது, கல்யாணம் நடுவில் பாதியும் முடிவில் பாதியுமாக உடைந்தது. பழகப் பழகத்தானே இதெல்லாம் சொல்வார்கள், அதனால் உறுத்தவில்லை.

இந்த வெட்டைத்தான் அக்கா வீட்டில் ஒரு ராத்திரி, ஒன்பது மணி சீரியல் முடிந்த பிறகு, மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அக்கா, அண்ணன், மகள். அண்ணன் தன் சைக்கிள் வந்த இடத்தில் மட்டும் சிரித்தார். அக்கா முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "அந்தப் பலகைத்துணியில ஓட்டை தெரியுது பாரு, மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை வண்டியருகே போனபோது கரி மூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். ஆறாவது நிமிடத்தில் ஒன்று பேசியிருக்கிறேனே, அது வேண்டாம். மகள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, அவள் காலேஜுக்குப் போகிற பிள்ளை.

அந்தப் பேச்சு என்ன என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. ஒன்பதாம் நாள் மாலை, பல்பு வெளிச்சத்தில், கடைசி உருப்படியைத் தேய்த்துக்கொண்டே சொன்னது. என்னை முதல்முறை "நீ" என்று அழைத்ததும் அதற்குள்தான். 2 நிமிடம் 40 விநாடி, ஒரே ஷாட், வெட்டே இல்லை. எடுக்கும்போதே கை நடுங்கியது, இதற்காகத்தான் இத்தனை நாள் நின்றோம் என்று. ஒப்பந்தப்படி ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்கவில்லை. முகத்தை மறைத்து வைக்கலாமா, குரலை மாற்றலாமா என்று வீட்டில் ஒருநாள் முழுக்க எனக்குள் வாதாடினேன். அந்தத் தெருவில் யாருக்கு மறைப்பது?

எடுத்ததும் படம் நடுவில் ஒடிந்தது. ஐந்தாவது நிமிடம் வரை "நீங்க", ஆறிலிருந்து "நீ". மாறிய இடம் மட்டும் இல்லை. ஒட்டுப் போட முயன்றதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நானே ஒரு வர்ணனை எழுதிப் பேசினேன், அரசுச் செய்திப்படம் மாதிரி ஆகிவிட்டது. இலவசமாகக் கிடைத்த வயலினைப் போட்டேன், நிதி திரட்டும் விளம்பரம் ஆகிவிட்டது. ஏழாம் நாள், நான் கார்டு மாற்றிக்கொண்டிருந்தபோது பெட்டியிலிருந்து ஒரு கங்கு என் காலருகே விழ, அக்கா தன்னை மறந்து "டேய், கால எடு!" என்று கத்தியது ரெக்கார்டரில் இருந்தது. படம் கிடையாது. அடுத்த விநாடியே "ஐயோ தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று திரும்பவும் மரியாதைக்குப் போய்விட்டார். அதைக் கறுப்புத் திரையில் போட்டுப் பார்த்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வரும் இடம் அதுவல்ல.

கடைசியில் "குப்பை" என்று பெயர் போட்ட கோப்புறையைத் திறந்தேன். கலங்கல், ஆட்டம், தவறுதலாக அமுக்கியது எல்லாம் அங்கே கிடக்கும். பத்தாம் நாள் காலை எடுத்த ஒரு ஷாட் இருந்தது. கேமரா முக்காலியில், ஃபோகஸ் அக்கா நிற்கும் இடத்தில் பூட்டியிருக்கிறது. அண்ணன் சைக்கிளில் போயிருந்தார். பெரிய ஜமுக்காளம் ஒன்றை மடிக்க ஆள் இல்லை. நான் கேமராவை விட்டுவிட்டு உதவப் போயிருக்கிறேன். என் முதுகு பாதிச் சட்டகத்தை அடைக்கிறது. அக்கா ஜமுக்காளத்தை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்ததும் ஃபோகஸிலிருந்து வெளியே போய்விடுகிறார். எடுத்த அன்றே குப்பையில் போட்டதில் வியப்பில்லை. ஆனால் அக்காவின் சட்டைமைக் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"அந்த முனையப் புடிங்க தம்பி. இழுங்க. நல்லா ஒரு உதறு... அப்படி இல்ல, முனையோட முனை சேரணும். இங்க கொண்டா. கொண்டாங்க. ஐய, இதுகூடத் தெரியாம உங்கம்மா உன்ன என்னத்த வளத்துச்சு."

"அம்மா ஊர்ல இல்லக்கா."

"அதான பாத்தேன். விடு, நான் மடிச்சுக்கிறேன்."

துணி உதறும் ஓசை, இரண்டு பேரும் நெருங்கி முனைகளைச் சேர்ப்பது, விலகுவது, மறுபடி நெருங்குவது. 1 நிமிடம் 52 விநாடி. கலங்கிய இடத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள் வித்தை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், அக்காவின் முகம் மெழுகு பூசினாற்போல் ஆனது. எடுத்துவிட்டேன். கலங்கலாகவே இருக்கட்டும். என் முதுகையும் வெட்டவில்லை. முன்னும் பின்னும் பதினொரு மணித் தெருச் சத்தத்தைத் தடவி ஒட்டினேன், அன்றைக்கு நல்லவேளையாக ஆம்புலன்ஸ் இல்லை. இந்த ஒட்டு பிடித்தது. வெட்டி எடுத்த அந்தப் பகுதி இதைவிட நல்ல சினிமா என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த எண்ணம் போகவில்லை, போகுமென்றும் தோன்றவில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அக்கா இரண்டு நாள் கழித்து, "அத அழிச்சிட்டியா?" என்றார். படத்திலிருந்து எடுத்துவிட்டேன் என்றேன். "அது தெரியும். அழிச்சிட்டியா?"

ஒரு துண்டுக் காட்சி எங்கெல்லாம் குடியிருக்கிறது என்று அன்று மாலைதான் தேடினேன். மூல வட்டு, அதன் நகல் வட்டு. வெட்டும்போது கணினி திணறாமலிருக்கச் செய்த சிறிய பிராக்ஸி. ரெக்கார்டர் கோப்பு. பழைய வெட்டாக ஏற்றுமதி செய்த இரண்டு வீடியோ. நண்பனுக்கு அனுப்பிய இணைப்பு, அவன் இறக்கி வைத்திருந்த பிரதி. மூலக் கோப்பு மொத்தம் பதினெட்டு நிமிடம், அதில் மற்றதெல்லாம் வேண்டும். தரம் குறையாமல் வெட்டும்போது கீ ஃப்ரேம், அதாவது முழுப் படமாகப் பதிந்த பிரேம், உள்ள இடத்தில்தான் வெட்டு விழும், ஆகவே முன்னால் அரை விநாடி கூடவே போனது, போகட்டும். புதுத் துண்டுகளைச் சரிபார்த்துவிட்டு மூலத்தை இரண்டு வட்டிலும் அழித்தேன். நண்பனைப் போனில் நிற்க வைத்தே அவனுடையதை அழிக்கச் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் மேஜைமேல் நோட்டு கிடந்தது. அதில் அந்தப் பேச்சு முழுவதும் என் கையெழுத்தில், சிவப்பும் நீலமுமாக வட்டம் போட்டு, நாலு பக்கம்.

மறுநாள் காலை அந்த நாலு தாளையும் கிழித்து எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். அக்கா பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக் கனிய விட்டிருந்தார். உள்ளே போடட்டுமா என்று கையை நீட்டினேன்.

"பேப்பரப் போட்டுடாதடா, சாம்பல் பறந்து வெள்ளத்துணியில ஒட்டும்" என்றார். "சுக்கல் சுக்கலாக் கிழிச்சு அந்த வாளித்தண்ணியில போடு. கிழிச்சிட்டு வா, ஜமுக்காளம் ஒண்ணு கெடக்கு."